மாப்பிள்ளை கலிஃபோர்னியாவில் கைதானாரா? ஜெயில் பதிவை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். அமெரிக்காவில் சான் ஹோசேயில் ஐ.டி. வேலை பார்க்கும் பையனை என் மகளுக்குப் பேசி முடித்திருக்கிறோம். ஆவணியில் நிச்சயதார்த்தம். இப்போது உறவினர் ஒருவர், "அவன் 2022இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தவன்" என்று சொல்லி, ஒரு தனியார் இணையதளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருக்கிறார். அதில் பெயர், ஊர், 23152 என்று ஓர் எண், அவ்வளவுதான். அமெரிக்காவில் யார் ஜெயிலுக்குள் போனாலும் வெளியே வந்தாலும் இணையத்தில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். என் தம்பி மகன் அந்த ஊர் ஷெரிஃப் இணையதளத்தில் தேடினான், ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் பையன் மேல் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அவர் குற்றவாளி என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டுமே சட்டத்தின் கண்ணில் காற்றுக்குச் சமம்.

உங்கள் தம்பி மகன் தேடிய இடத்திலிருந்து ஆரம்பிப்போம். சான் ஹோசே, சன்னிவேல், மில்பிடாஸ் எல்லாம் சான்டா கிளாரா கவுன்ட்டிக்குள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வருகின்றன. அங்கே எந்த ஊர் போலீஸ் பிடித்தாலும், ஜெயிலில் வைப்பதாக இருந்தால் ஷெரிஃபின் (கவுன்ட்டியின் போலீஸ் தலைவர்) கீழ் உள்ள கவுன்ட்டி ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். கைரேகை, போட்டோ, என்ன குற்றச்சாட்டு, எத்தனை மணி என்று பதிவாவது அங்கேதான். ஷெரிஃப் இணையதளத்தில் உள்ள தேடல், இப்போது உள்ளே இருப்பவர்களைக் கண்டுபிடிக்க உறவினர்களுக்காக வைத்தது. வெளியே விட்டதும் பெயர் அதிலிருந்து போய்விடும். 2022இல் ஒரு ராத்திரி இருந்தவரை இன்று அதில் தேடினால் எப்படி வரும்?

இன்னொன்று, எந்தக் கவுன்ட்டி என்பதைக் கைதான இடம்தான் முடிவு செய்யும். வீட்டு முகவரி அல்ல. சான் ஹோசேக்காரர் ஃப்ரீமான்ட்டில் நண்பர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பிடிபட்டால், அது பக்கத்து அலமீடா கவுன்ட்டி. அவரை டப்ளின் என்ற ஊரில் இருக்கும் சான்டா ரீட்டா ஜெயிலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

பெயர்க் குழப்பம் வேறு. நம் ஆட்களின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்துவிடுவார்கள். நள்ளிரவில் ஒரு போலீஸ்காரர் அதை எந்த வரிசையில் எழுதினார் என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு, அந்த வட்டாரத்தில் ஒரே பெயரில் நாலைந்து கார்த்திக்குகளும் செந்தில்களும் இருப்பார்கள். பிறந்த தேதி ஒத்துப்போகாமல், பெயரையும் ஊரையும் மட்டும் வைத்து இவர்தான் அவர் என்று சொல்லாதீர்கள்.

சரி, சட்டப்படி வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பொதுப் பதிவுகள் சட்டத்தில் 7923.610 என்ற பிரிவு உண்டு (2023க்கு முன் இது 6254ஆம் பிரிவுக்குள் இருந்தது). கைதானவரின் பெயர், தொழில், பிறந்த தேதி, கைதான நேரமும் இடமும், ஜெயிலில் பதிவான நேரம், கைதுக்கான சூழ்நிலை, ஜாமீன் தொகை, எல்லாக் குற்றச்சாட்டுகளும், எப்போது எந்த முறையில் விடுவிக்கப்பட்டார் என்பதும் பொதுவில் தரப்பட வேண்டும் என்கிறது அது. விசாரணைக்கோ ஒருவரின் உயிருக்கோ ஆபத்து வரும் என்றால் மட்டும் மறுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோமா இல்லையா என்று 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சில காரணங்களுக்காக மேலும் 14 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தக் கடமை அண்மையில் நடந்த கைதுகளுக்குத்தான், பழையதைத் தோண்டிக் கொடுக்கக் கட்டாயம் இல்லை என்றது. 2015இல் சான் டியேகோவிலிருந்து வந்த வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு அமர்வு அதை ஏற்கவில்லை. இரண்டு தீர்ப்பும் இருப்பதால், பழைய கைதைப் பற்றிக் கேட்டால் அலுவலகம் 1993 தீர்ப்பைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். வக்கீல் வைத்துச் சண்டை போடலாம்தான். ஒரு நிச்சயதார்த்தத்துக்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஒருவரின் முழுக் குற்ற வரலாற்றுத் தொகுப்பு அதைவிட இறுக்கமானது. மாநில நீதித்துறையிடம் (கோர்ட் அல்ல, அரசின் ஒரு துறை) இருக்கும் அந்தத் தொகுப்பைச் சம்பந்தப்பட்டவரே கைரேகை கொடுத்து, 25 டாலர் கட்டி வாங்கலாம். நீங்களோ நானோ வாங்க முடியாது. அனுமதியில்லாமல் அதை வெளியே கொடுப்பது அங்கே குற்றம். ஆகவே "பணம் கட்டுங்கள், முழு ரிப்போர்ட் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 23152க்கு வருவோம். அது கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் பிரிவு: போதையில் ஓட்டுவது, அல்லது ரத்தத்தில் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹாலுடன் ஓட்டுவது. யாருக்கும் காயம் இல்லாத முதல் தடவை என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். கைது செய்து, ஜெயிலில் பதிவு செய்து, போதை தெளிந்ததும் இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வருகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். நீதிபதியையே பார்க்காமல் விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அந்தப் பதிவில் இருப்பது பிடித்த போலீஸ்காரர் எழுதிய குற்றச்சாட்டு, அவ்வளவுதான். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை மாவட்ட அரசு வழக்கறிஞர்தான் பின்னர் முடிவு செய்வார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் வழக்கே போடாமல் விட்டிருக்கலாம். வழக்குப் போட்டு, பேச்சுவார்த்தையில் 'கவனமின்றி ஓட்டியது' என்று குறைந்த குற்றமாக முடிந்திருக்கலாம். அல்லது முழுத் தண்டனையே வந்திருக்கலாம்; அப்படியானால் அது அங்கே 10 வருடம் கணக்கில் இருக்கும், இரண்டாம் தடவை பிடிபட்டால் தண்டனை கூடும். இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும் கைதான ராத்திரியின் பதிவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. உங்கள் உறவினர் அனுப்பியதில் முடிவு இல்லாததற்கு அதுதான் காரணம். வழக்கே போடாத கைதைக் கோர்ட் உத்தரவு வாங்கி மூடி வைக்கவும் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தில் 851.91 என்ற பிரிவு இருக்கிறது. மூடிய பிறகும் தனியார் இணையதளங்கள் பழைய பிரதியை வைத்துக்கொண்டிருக்கும்.

முடிவு தெரிய வேண்டும் என்றால் ஜெயிலை விட்டுவிட்டு கோர்ட்டைப் பாருங்கள். சான்டா கிளாராவில் கைதாகி வழக்குப் போட்டிருந்தால், அது அந்தக் கவுன்ட்டியின் விசாரணைக் கோர்ட்டான சுப்பீரியர் கோர்ட்டில் இருக்கும். ஆனால் கலிஃபோர்னியா கோர்ட் விதிப்படி, குற்ற வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் படிக்க முடியாது. கோர்ட்டில் போய்ப் பார்க்க வேண்டும். கோர்ட் இணையதளத்தில் பெயர் வைத்துத் தேடும்போது பிறந்த தேதியைக் கொண்டு வடிகட்ட விடக்கூடாது என்று 2021இல் ரிவர்சைடு கோர்ட் சம்பந்தமான வழக்கில் தீர்ப்பும் வந்துவிட்டது. அதனால் இணையத்தில் கார்த்திக் என்று போட்டால் எல்லாக் கார்த்திக்குகளும்தான் வருவார்கள்.

இவ்வளவையும் சுற்றிப் போவதைவிடப் பையனிடம் கேட்டுவிடுவது நல்லது. நான் இதைச் சொல்வது நாகரிகத்துக்காக அல்ல. அவர் எச்1பி என்ற வேலை விசாவில் இருந்து, உண்மையிலேயே கைதாகியிருந்தால், கோர்ட்டின் முடிவுச் சான்று அவர் கையில் ஏற்கெனவே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டி.எஸ்.160 படிவத்தில், தண்டனை வராவிட்டாலும், எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் கோர்ட் காகிதத்தோடுதான் போக வேண்டும். குடித்து ஓட்டிக் கைதான செய்தி அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போனால், தண்டனைக்குக் காத்திராமல் விசாவையே ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் இருந்து வேலை பார்க்கத் தடையில்லை. ஆனால் ஊருக்கு வந்தால் மருத்துவப் பரிசோதனை முடிந்து புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டால் உங்கள் மகளின் பயணமும் சேர்ந்தல்லவா நிற்கும்? இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கேட்கும்போது பெற்றோரை நடுவில் வைக்காமல் பையனிடமே பேசுங்கள். "இப்படி ஒன்று வந்தது, உங்களைப் பற்றியதுதானா என்று எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுங்கள். ஆம் என்றால், சான்றளிக்கப்பட்ட கோர்ட் முடிவின் நகலைக் கேளுங்கள். வழக்கே போடவில்லை என்றால், கோர்ட்டில் வழக்கு இல்லை என்பதற்கான எழுத்துப்பூர்வ பதிலை அவரே வாங்கித் தரலாம். மேலே சொன்ன நீதித்துறைத் தொகுப்பை மட்டும் கேட்காதீர்கள்; ஒருவரிடம் அதை வாங்கித் தரச் சொல்வதே அங்கே குற்றம் (தண்டனைச் சட்டம், 11125ஆம் பிரிவு). இல்லவே இல்லை என்றாலும் கோர்ட்டின் அதே பதிலைக் கேட்கலாம்.  கோர்ட்டிலிருந்து காகிதம் வர நாளாகலாம், ஆகவே ஆவணி நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அதுவரை அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், உறவினரையும் போட விடாதீர்கள். அது வேறு யாரோ ஒருவருடையது என்று தெரிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறுப் புகார் கொடுக்கப் பையன் வீட்டாருக்கு இடம் இருக்கிறது. அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.