பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டை அடியில் இருக்கும் ஆரஞ்சு நிற ரப்பர் கல்லாகிவிட்டது. எடுத்துவிட்டுப் புதிது போடலாமா?

போடலாம். ஆனால் எடுத்ததைக் குப்பையில் போடாதீர்கள். அவசரம் உள்ளவர்கள் இதோடு கிளம்பலாம். மீதி என் வயிற்றெரிச்சல்.

கேள்வியில் விவரம் எதுவும் இல்லை, அதனால் நானாக ஊகித்துக்கொள்கிறேன். தாத்தா காலத்து இங்கிலீஷ் துப்பாக்கி. அவருக்குப் பிறகு உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்ற நடையாய் நடந்திருப்பீர்கள். இத்தனை வருடம் பீரோவுக்குப் பின்னால் நின்றபடியே இருந்திருக்கும். இப்போது துடைத்து எடுத்துப் பார்த்தால் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு துண்டு, நகத்தால் அழுத்தினாலும் அழுந்தவில்லை. பக்கத்தில் நின்ற மச்சான், "இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு மாட்டு" என்றிருப்பார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மச்சான் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே கருத்துப் பகுதியில் வந்து திட்டுவீர்கள். நான் வேட்டைக்காரன் இல்லை. ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. துப்பாக்கிக் கலாச்சாரத்துக்குக் கொடி பிடிக்கவும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது மரம். அப்பா காரைக்குடிப் பக்கம் தச்சர். நான் படிக்க லண்டன் வந்து, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், 2009இல் எசெக்ஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் கட்டைகளுக்கு மெருகேற்றும் ஆளாகச் சேர்ந்தேன். வால்நட் மரத்தில் பள்ளம் எடுப்பது, எண்ணெய் ஏற்றுவது, உப்புத்தாள் போடுவது. இதில் ரப்பரும் என் தலையில் விழுந்தது.

அந்த ரப்பருக்கு என்ன வேலை என்பது எளிது. 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) தோட்டாவிலிருந்து 32 கிராம் ஈயக் குண்டுகள் முன்னால் பாயும்போது, 3 கிலோ துப்பாக்கி நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் உங்கள் தோளை நோக்கி வரும். மரம் நேராக மோதினால் ஒரே இடி. நடுவில் ரப்பர் இருந்தால் அதே இடி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பரவலாக விழும், அவ்வளவுதான். உதையை அது விழுங்கிவிடும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். உதையைக் குறைப்பது எடைதான். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கிரீனர் என்பவர், குண்டின் எடையைப்போல 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார். 32 கிராமை 96ஆல் பெருக்கிப் பாருங்கள், 3 கிலோ சொச்சம் வரும். இந்தக் கணக்கும் ஆளுக்கேற்ற அளவும் சரியாக இருந்தால் ரப்பரே தேவையில்லை என்பது பழைய ஆங்கிலேயர் கட்சி. அவர்களுடைய உயர்ந்த ரகத் துப்பாக்கிகள் பலவற்றின் அடியில் வெறும் மரம்தான் இருக்கும், நுணுக்கமான கட்டம் செதுக்கியபடி. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுட ஆரம்பித்த பிறகுதான் தோள் முரண்டு பிடித்தது.

உங்கள் ரப்பர் ஆரஞ்சு நிறம், முகத்தில் மேலும் கீழும் இரண்டு வட்ட அடைப்புகள் இருக்கின்றன என்றால், அது சில்வர்ஸ் பேட் (பேட் என்பது இந்த அடி ரப்பர்தான்), அல்லது அதைப் பார்த்துச் செய்த ஒன்று. சில்வர் என்றால் வெள்ளி இல்லை. எஸ். டபிள்யூ. சில்வர் அண்ட் கோ என்று லண்டன் கார்ன்ஹில்லில் ஒரு கடை. கப்பல் ஏறிக் காலனி நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு உடுப்பு, பெட்டி, கூடாரம் என்று சகலமும் விற்றவர்கள். மழைக்கு நனையாத துணி செய்யப்போய் ரப்பரில் இறங்கி, 1852இல் தேம்ஸ் நதியின் வடகரையில் தொழிற்சாலை வைத்தார்கள். அதைச் சுற்றி எழுந்த ஊருக்கே சில்வர்டவுன் என்று பெயர் வந்துவிட்டது. நம் ஆட்கள் தோசைக்கும் தங்கத்துக்கும் மொய்க்கும் ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாம் வட்டாரம்தான். அங்கே இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்கு இது தெரியாது. அந்தத் தொழிற்சாலை கடலடித் தந்திக் கம்பிவரை போனது வேறு கதை. துப்பாக்கிக்காரர்களுக்கு அவர்கள் விட்டுப்போனது இந்தப் பேட்தான்.

அந்த நிறத்துக்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ரப்பரைப் பதப்படுத்த ஆன்டிமணி சல்ஃபைடு கலப்பார்கள். சிவப்பும் ஆரஞ்சும் அதில் வந்தவை. அடுத்து வடிவம். இந்தப் பேட் கட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரும். பட்டறைக்காரர் அதை அந்தக் குறிப்பிட்ட கட்டையில் திருகி, விளிம்பைத் தேய்த்து மரத்தோடு மரமாக இழைய விடுவார். அதனால் ஒரு துப்பாக்கிக்குத் தேய்த்தது இன்னொன்றில் உட்காராது. திருகாணித் தலைகள் தெரியாமல் இருக்கத்தான் அந்த இரண்டு ரப்பர் அடைப்புகள்.

இதெல்லாம் எனக்கு 2011இல் தெரியாது.

அந்த வருடம் கார்த்திகை மாதம் போல, எழுபது தாண்டிய ஒருவர் ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். அவருடைய அப்பாவுடையது. விற்கப் போகிறார், கட்டையைப் பளிச்சென்று ஆக்கித் தர வேண்டும், அவ்வளவுதான் சீட்டில் எழுதியிருந்தது. முதலாளி ஊரில் இல்லை. நான் கட்டைக்கு எட்டு நாள் எண்ணெய் ஏற்றினேன். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து, அப்பா பார்த்திருந்தால் பேசாமல் ஒரு தலையாட்டு ஆட்டியிருப்பார், அப்படி வந்தது. கீழே பார்த்தால் இந்த ரப்பர். வெடிப்பு விழுந்து, ஓரம் உதிர்ந்து. அடைப்புகளில் மேலே உள்ளது ஆரஞ்சு, கீழே உள்ளது மங்கலான வெள்ளை. எனக்கு அருவருப்பாக இருந்தது. பட்டுச்சேலைக்குக் கீழே அறுந்த செருப்பு மாதிரி.

யாரையும் கேட்கவில்லை. நெம்பினேன், இரண்டாக உடைந்தது. கறுப்பாக ஒரு புதுப் பேட் எடுத்து, மரத்தில் டேப் ஒட்டி, பெல்ட் சாண்டரில் (உப்புத்தாள் சுழலும் எந்திரம்) தேய்த்து ஏற்றிவிட்டேன். சுத்தமான வேலை. இன்றும் சொல்வேன், வேலையில் குறை இல்லை.

முதலாளி வந்தார். துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழையது எங்கே?" என்றார். நான் குப்பைத் தொட்டியைக் காட்டினேன். தொட்டி காலியாக இருந்தது. அன்று காலைதான் வண்டி வந்து போயிருந்தது.

அவர் கத்தவில்லை. சில்வர்ஸ் என்றால் என்ன என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதையெல்லாம் நின்றபடியே சொன்னார். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, நீயே பேசு என்றார். பேசினேன். அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அந்த வெள்ளை அடைப்பு தன்னுடைய பள்ளிக்கூட ரப்பர் என்றார். பென்சில் அழிக்கிற ரப்பர். ஒன்று தொலைந்தபோது அவர் அப்பா இவர் பெட்டியிலிருந்து எடுத்து, வட்டமாக வெட்டிச் செருகினாராம். பரவாயில்லை, எப்படியும் விற்கத்தானே போகிறேன் என்றார். அந்தப் பரவாயில்லைதான் இன்னும் உறுத்துகிறது. விலையிலும் அடி விழுந்தது, அதை முதலாளி தன் கையிலிருந்து ஈடு கட்டினார். நியாயமான மனிதர், அதனால்தான் எனக்கு அவமானம் இரட்டிப்பு.

அதற்குப் பிறகு ஆர்வம் பிடித்துக்கொண்டது. குற்ற உணர்ச்சி என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் இது தனி உலகம். அங்கே களிமண் தட்டு சுடும் போட்டிகள் பெருகியதால் பேட் இல்லாமல் முடியாது. சிகாகோவின் ஜோஸ்டம் கம்பெனி 'ஆன்டி ஃபிளிஞ்ச்' என்று பெயர் வைத்தே விற்றது. சுடும் முன்பே உடம்பு பயந்து சுருங்குமே, அதற்கு எதிர்மருந்தாம். பேட் வாங்குகிறவனின் பயத்தை இவ்வளவு நேராகச் சொன்ன பெயர் வேறு இல்லை. ஹாக்கின்ஸ் என்று இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸின் பாக்மேயர், ஜெர்மன் துப்பாக்கிக் கம்மியர் குடும்பம், 1929இல் தொடங்கியது. ரப்பருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஓடும் பேட்கள் அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பக்கவாட்டில் ஜன்னல் ஜன்னலாகத் துளை விட்டவையும் அமெரிக்கக் கைவண்ணம்தான். அந்த வெள்ளைக் கோடு எனக்குப் பிடிக்காது. ஆங்கிலத் துப்பாக்கியில் அதைப் பார்த்தால் வேட்டிக்கு பெல்ட் போட்டது மாதிரி இருக்கும். அமெரிக்க ரசிகர்கள் மன்னிக்கவும்.

இங்கே ஒருவர் வந்து, "அது நம் தமிழர்கள் மலாயாவில் ரத்தம் சிந்தி எடுத்த பால்" என்று எழுதுவார். என் பெரிய தாத்தாவும் அங்கே பால் வெட்டியவர்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்: தேதியைப் பாருங்கள். சில்வர் தொழிற்சாலை வைத்த காலத்தில் ரப்பர் அமேசான் காட்டு மரத்திலிருந்து வந்தது. விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை கொண்டுவந்ததே 1876இல். நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனது 1900க்குப் பிறகு. 1920களின் பேட் என்றால் நீங்கள் சொல்வது அனேகமாகச் சரி. அதற்கு முந்தையது வேறொருவர் ரத்தம்.

சம்பந்தம் இல்லாமல் ஒன்று. 'துப்பாக்கிக் கடையில் வேலை' என்று சொன்னால் பெண் கிடைக்காது என்று அத்தை ஊர் முழுக்க 'தச்சு வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறார். விளைவு, ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபர்டிலும் யார் வீட்டில் அலமாரிக் கதவு தொங்கினாலும் சனிக்கிழமை எனக்குத்தான் போன். பலகைப் பலகையாக டப்பாவில் வரும் கட்டிலைக் கோர்க்க இதுவரை பதினோரு வீடு போயிருக்கிறேன். கூலி ஒரு டீ. பிரான்ஸ் நாட்டு வால்நட்டில் மயிரிழைக் கட்டம் செதுக்குகிற கை இது. "தம்பி, அந்தக் கீல் கொஞ்சம் பார்த்துடு" என்கிறார்கள். பெண்ணும் கிடைத்தபாடில்லை.

சரி, உங்கள் விஷயம். கல்லான ரப்பரை மென்மையாக்க முடியாது. எண்ணெயில் ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பினால் அது உப்பி, பிசுபிசுத்து, மரத்தையும் கறையாக்கும். சுடப் போவதில்லை என்றால் அப்படியே விடுங்கள். சுடத்தான் வேண்டும் என்றால் முதலில் குழல் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். பிறகு அந்த வட்ட அடைப்புகளை ஊசியால் மெதுவாகக் கிளப்பினால் உள்ளே திருகாணி தெரியும். திருகாணித் தலையின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றுங்கள், நெம்பாதீர்கள். பழைய பேட் எத்தனை மில்லிமீட்டர் கனமோ அதே கனத்தில் புதியது வாங்குங்கள். அமெரிக்காவில் பழைய வடிவத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் வார்த்து விற்கிறார்கள், அது கிடைத்தால் நல்லது. கனமான பேட் போட மரத்தை ஒரு அங்குலம் அறுக்கலாம் என்று எந்தக் கம்மியராவது சொன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ரப்பர் மாற்றலாம், அறுத்த மரம் திரும்ப வளராது.

கழற்றிய பேட், இரண்டு திருகாணி, இரண்டு அடைப்பு, எல்லாவற்றையும் பழைய பனியன் துணியில் சுற்றி, துப்பாக்கியின் வரிசை எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அடைப்புகளில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.