அட்டை இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பாதீர்கள்

கேள்வி: நான் செவிலியர். ஒரு தொண்டு நிறுவனம் வழியாக நைஜீரியாவின் போர்னோ மாநிலத்தில், போரால் இடம்பெயர்ந்த மக்களின் முகாமுக்குப் பணிக்குப் போகிறேன். ஒரு தடுப்பூசிகூடப் போடாத குழந்தைகள் அங்கே அதிகம் என்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? தடுப்பூசி அட்டை இல்லாத குழந்தைக்கு எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முகாமின் பதிவேட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நைஜீரியாவில் இரண்டு ஆண்டுகளாக இயற்கைப் போலியோ வைரஸே (தடுப்பு மருந்திலிருந்து உருவாகாதது) இல்லை என்றிருந்த நிலையில், 2016 ஆகஸ்டில் இதே போர்னோவில் குழந்தைகள் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. அந்த வைரஸ் 2011இல் அங்கே கண்டறியப்பட்ட வகையின் வழிவந்தது. போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் இருந்த ஊர்களுக்குள் யாரும் போக முடியாததால் ஐந்து ஆண்டுகள் கண்ணில் படாமலே சுற்றியிருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குழந்தைகள்தான் அதைச் சுமந்திருந்தார்கள். அதன்பிறகு செயற்கைக்கோள் படங்களில் எந்த ஊரில் இன்னும் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று பார்த்து, அங்கெல்லாம் சொட்டு மருந்து கொண்டுபோனார்கள். 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்கா இயற்கைப் போலியோ வைரஸ் இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

உங்களுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படாது. ஊர்த்தலைவரை அங்கே ‘புலாமா’ என்பார்கள். முதல் நாளே போய்ப் பாருங்கள். அவரோடு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம், இந்த வாரம் புதிதாக வந்தது யார், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று கேளுங்கள். தலைவருக்குத் தெரியாத குடிசையும் அவர்களுக்குத் தெரியும். நேற்று வந்த குடும்பம் பெரும்பாலும் முகாமின் கடைசி ஓரத்தில்தான் இருக்கும். முடிந்தால் புதியவர்கள் நுழையும் இடத்திலேயே ஒரு மேசை போடுங்கள்.

இனி அட்டை. எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால், ஊசியே போடாத குழந்தை என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏற்கெனவே போட்டிருந்து இன்னொரு தவணை விழுந்தால் தீங்கில்லை, விடுபட்டால்தான் ஆபத்து. நெருக்கமான முகாமில் முதலில் உயிரைக் குடிப்பது தட்டம்மை. ஆகவே அதற்கு முன்னுரிமை கொடுங்கள். நெருக்கடிக் காலத்தில் ஆறாவது மாதத்திலிருந்தே போடலாம். ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன் போட்டதைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு மீண்டும் போட வேண்டும். அதே நாளில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), போலியோ எல்லாம் கொடுக்கலாம். அடுத்த தவணைக்கு நான்கு வாரம் போதும். வயது மேல்வரம்புக்கு மட்டும் அந்நாட்டு வழிகாட்டுதலைப் பாருங்கள். லேசான சளி, காய்ச்சலுக்காக நிறுத்த வேண்டாம். மெலிந்த குழந்தைக்கு ஊசி மற்றவர்களைவிட அவசரம்.

ஒரு சம்பவம் என் மனத்தை விட்டுப் போகவேயில்லை. தட்டம்மைக் குப்பியில் பத்து தவணை மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். ஒரு முகாமில் அன்று வந்தவை மூன்றே குழந்தைகள். வீணாகுமே என்று நான் குப்பியைத் திறக்கவில்லை, நாளை வரச் சொன்னேன். இரண்டு தாய்மார் வந்தார்கள். மூன்றாமவர் இரவோடு இரவாக வேறெங்கோ போய்விட்டிருந்தார். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறங்கள். மிஞ்சும் மருந்து வீணானால் மறுபடி வாங்கிவிடலாம்.

நம்பிக்கை கெட்டால் மருந்து இருந்தும் பயனில்லை. 2011இல் பின் லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் தகவல் திரட்டியது. அங்கே ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது. அடுத்த ஆண்டே கராச்சியிலும் பெஷாவரிலும் போலியோ ஊழியர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆகவே பெயர், வயது, ஊசி விவரம் தவிர எதையும் கேட்காதீர்கள். கணவர் எங்கே, எந்த வழியாக வந்தீர்கள் என்ற கேள்விகள் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. பதிவேட்டை எந்தத் தரப்பு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்த தவணையைத் தேதியாகச் சொல்வதைவிட, ‘இன்றிலிருந்து நான்காவது சந்தை நாள்’ என்று சொன்னால் தாய்க்கு நினைவிருக்கும். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுங்கள். மறுபடி ஓட நேர்ந்தால் அவர் விடாமல் எடுத்துக்கொள்வது ரேஷன் அட்டையைத்தான். இதுவும் அதோடு போய்ச் சேரும்.