செவிலியரை எப்போது அழைத்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் குழுவுக்குத் தலைவன் நான். ஆறு பேரும் ஒரே கல்லூரி. வேலை முடிந்ததும் வார்டு செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். ஒரே மாதத்தில் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள். அடுத்த முறை பலதுறை ஆட்களைச் சேர்க்கச் சொல்கிறது நிர்வாகம். திறமை அடிபடாதா? பேச்சிலேயே நேரம் போகாதா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

திறமைக் கேள்வியை விடுங்கள். வருடக்கணக்காக வார்டில் நிற்பவருக்கு வேறென்ன திறமை வேண்டும்? நேரம் போகும், போகட்டும்.

கொஞ்ச நாளாக எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோனில் அது பரவியபோது, இறந்தவர் உடலைத் தொடக்கூடாது, பையில் கட்டிப் புதைக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். மருத்துவப்படி சரிதான், கிருமி அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆனால் பெற்ற தாயைக் குளிப்பாட்டாமல் அனுப்ப யாருக்கு மனம் வரும்? உடல்களை ஒளித்துவைத்துப் புதைத்தார்கள். புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தில் வந்தவை என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது.

கினியில் ஒரு கிராமம். கர்ப்பிணி ஒருவர் இறந்துபோனார். பிள்ளையை வயிற்றோடு புதைத்தால் ஊருக்கு ஆகாது, எடுத்துவிட்டுத்தான் அடக்கம் என்று ஊரே நின்றது. உடலை அறுத்தால் அறுப்பவருக்கே ஆபத்து. அங்கே வேலை செய்த மானுடவியலாளர் ஜூலியென் அனோகோ பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். இப்படி நேர்ந்தால் செய்ய அவர்கள் வழக்கத்திலேயே ஒரு பரிகாரச் சடங்கு இருந்தது! அதைச் செய்தார்கள், அறுக்காமலே அடக்கம் நடந்தது. அந்த நவம்பரில் வந்த அடக்க நெறிமுறையிலும் மத அமைப்புகள் கூட உட்கார்ந்தன. இஸ்லாமியருக்குத் தண்ணீருக்குப் பதில் தயம்மும் என்ற உலர் தூய்மைச் சடங்கு, கஃபன் என்ற சவத்துணி, குடும்பத்தார் முன்னிலை எல்லாம் அதில் வந்தன.

அனோகோவை, முடிவை நாங்கள் எடுத்துவிட்டோம், நீங்கள் போய் ஊருக்குப் புரியவையுங்கள் என்று அனுப்பியிருந்தால் அந்தச் சடங்கு யார் காதிலும் விழுந்திருக்காது. நீங்கள் செவிலியர்களுக்குச் செய்தது அதுதான். எனக்குக் கோபமே வருகிறது. இரவுப் பணியில் கையுறையோடு நிற்பவர், ஒரு காய்ச்சல் அளவைப் பதிய உங்கள் மென்பொருளில் எத்தனை திரை தாண்ட வேண்டியிருந்தது என்று பார்த்தீர்களா? அவர்களைக் கேட்காமலே கட்டிவிட்டு, பிறகு பயிற்சி என்று உட்காரவைத்தீர்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு படிப்பு என்று ஆறு பேரைப் புதிதாக எடுத்தாலும், முடிவான பிறகு அழைத்தால் இதே கதைதான்.

நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. வருத்தப்பட்டுத்தானே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வேலையின் முதல் கூட்டத்திலேயே, ஒரு வரி எழுதும் முன், வார்டு செவிலியர் ஒருவரைச் சம்பளத்தோடு உட்காரவையுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் திரை போய்விட வேண்டும். இதற்கு உங்கள் நிர்வாகம் சம்மதிக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.