எல்லாப் பல்லையும் எடுக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: எனக்கு 61 வயது. மேல்வரிசையில் ஐந்து பற்களும் கீழ்வரிசையில் ஏழு பற்களும் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் சில ஆடுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலே நான்கு, கீழே நான்கு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் டைட்டானிய வேர்) வைத்து, மூன்றே நாளில் நிலையான பல் கட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். தேதியும் குறித்தாகிவிட்டது. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதால் வாரம் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். செய்துகொள்ளலாமா? எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன அந்த வார மாத்திரையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அதைப் பற்றி உங்கள் பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பல் வைத்தியத்துக்கும் எலும்பு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நம் எலும்பு எப்போதும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். அலெண்ட்ரோனேட் போன்ற வார மாத்திரைகள் அந்தக் கரைதலைத் தடுக்கின்றன. இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் அது நல்லதுதான். ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு, கரைதலும் வளர்தலும் இரண்டுமே வேண்டும். அரிதாகச் சிலருக்குக் குழி மூடாமல், தாடை எலும்பு வெளியே தெரிந்து, அந்தப் பகுதி செத்துப்போகிறது. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பல வருடங்களாகச் சாப்பிட்டால், கூடவே ஸ்டீராய்டும் எடுத்தால், ஆபத்து ஏறுகிறது. புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை ரத்தக்குழாய் வழியாக அதிக அளவில் பெறுபவர்களுக்குப் பொதுவாக இம்ப்ளாண்ட் வைப்பதில்லை. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் தனி எச்சரிக்கை தேவை.

ஆகவே எத்தனை வருடமாக இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். அதைக் கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எலும்பு அடர்த்திக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் திடீரென நிறுத்தி, முதுகெலும்பில் முறிவு வந்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் இதே விதிதான்.

சர்க்கரை இருப்பது மட்டுமே தடையில்லை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் தயக்கமில்லாமல் பேசலாம். 8-க்கு மேல் என்றால் அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றே நான் சொல்வேன். புகைப்பவர் என்றால் இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 12 பற்களையும் எடுத்தே ஆக வேண்டுமா?

பல் ஆடுகிறது என்பது மட்டுமே அதைப் பிடுங்கக் காரணம் ஆகாது. வேரைச் சுற்றி எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது, ஈறு நோய்க்கு வைத்தியம் செய்தால் ஆட்டம் குறையுமா என்று ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். கீழ்வரிசைக் கோரைப்பற்களுக்கு வேர் நீளம். மற்றவை போன பிறகும் அவை பல வருடம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே முழுவதும் எடுத்து, கீழே சிலவற்றைக் காப்பாற்றும் திட்டமும் உண்டு. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டில் சிறு கல் கடிபட்டால் சட்டென்று வாயைத் திறக்கிறோமே, அந்த உணர்வைத் தருவது அதுதான். இம்ப்ளாண்டில் அந்தப் படலம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பற்களைத் தளர்த்திய அதே ஈறு நோய் இம்ப்ளாண்டைச் சுற்றியும் வரும். டைட்டானியத்தில் சொத்தை விழாது, உண்மைதான். ஆனால் அதைப் பிடித்திருக்கும் எலும்பு கிருமியால் கரையும். நோய்க்கு வைத்தியம் பார்க்காமல் பல்லை மட்டும் எடுத்தால், பிரச்சினை புதிய பல்லுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அதனால் ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். உங்களுக்கு இம்ப்ளாண்ட் வைக்கப் போகிறவராக அவர் இல்லாமல் இருப்பது நல்லது. எல்லாவற்றையும் எடுப்பதே சரி என்று அவரும் சொல்லலாம். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடித்து வைத்திருந்தால், பிறகு இம்ப்ளாண்டுக்குத் தேவைப்படும் எலும்பும் சேர்ந்து கரைகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த முடிவு பல் பல்லாகப் பார்த்து வந்ததாக இருக்கட்டும்.

அப்புறம் அந்த மூன்று நாள். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானமார்க் 1952-இல் முயல்களிடம் ஆய்வு செய்தபோது, எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் இம்ப்ளாண்ட் வைத்தார். அந்த நோயாளிக்கு அது 40 வருடங்கள் உழைத்தது. அந்த ஒட்டுதலுக்குக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதமும் ஆகும். இன்றைக்கும் எலும்பு தன் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் உங்களுக்குக் கிடைப்பது தற்காலிகப் பல், பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது. அதில் தவறில்லை. இம்ப்ளாண்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைத்து அசையாமல் வைக்கவும் அது உதவுகிறது. வைத்த அன்று இம்ப்ளாண்டைப் பிடித்திருப்பது திருகின் இறுக்கம். சில வாரங்களில் அந்த இறுக்கம் தளர்கிறது, புது எலும்பின் பிடி இன்னும் முழுதாக வருவதில்லை. மூன்றாவது, நான்காவது வாரம்தான் பலவீனமான காலம். வலியும் வீக்கமும் போய், நோயாளி தைரியமாகக் கடிக்க ஆரம்பிப்பதும் அப்போதுதான்! டாக்டர் சொல்லும்வரை, இரண்டு மூன்று மாதமாவது, மென்மையான உணவோடு இருக்க முடியுமா என்று யோசியுங்கள். அறுவைச் சிகிச்சை நாளன்று திருகு போதிய அளவு இறுகாவிட்டால் உடனே பல் கட்டக் கூடாது. அப்படி ஆனால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் திட்டம் வைத்திருப்பவரிடம் நம்பிப் போகலாம்.

சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் இல்லாமல் எதற்கும் சம்மதிக்க வேண்டாம். மேலே சைனஸ் அறையும், கீழே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் எங்கே ஓடுகின்றன என்பதை அது காட்டும். அந்த நரம்பில் அடிபட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகலாம். நான்கு இம்ப்ளாண்ட் முறையில் பின்னால் வைக்கும் இரண்டைச் சாய்த்து வைப்பதே இந்த இடங்களைத் தவிர்க்கத்தான். முறை நல்ல முறை. ஆனால் நான்கில் ஒன்று தோற்றால் அந்த வரிசையின் மொத்தத் திட்டமும் ஆட்டம் காணும். மேல்தாடையில் எலும்பு இடம் கொடுத்தால் ஐந்து அல்லது ஆறு வைப்பதையே நான் விரும்புவேன்.

கழற்றி மாட்டும் பல்செட்டை இம்ப்ளாண்டில் பொருத்தும் வழியையும் உங்களுக்குச் சொன்னார்களா? கீழ்வரிசையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டே இம்ப்ளாண்ட் வைத்து, அதன்மேல் செட்டைப் பூட்டுவதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர் குழு பரிந்துரைத்தது. நிலையான பல்லின் உறுதி இதற்கு வராது. ஆனால் அறுவை சிறியது, கழற்றிக் கழுவுவதும் சுலபம். எலும்பு நிறையக் கரைந்து கன்னமும் உதடும் உள்வாங்கியிருந்தால், முகத்துக்கு வேண்டிய தாங்கலைச் செட்டின் ஈறுப்பகுதி கொடுக்கும்.

சுத்தம் செய்வதை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நிலையான பல்வரிசைக்கு அடியில் தினமும் சிறு பிரஷ், தடித்த ஃப்ளாஸ், நீர் பீய்ச்சும் கருவி என்று நுழைக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் விரல்கள் அதைச் செய்யும். 75 வயதில் கை நடுங்கினால், பக்கவாதம் வந்தால், வேறொருவர் உங்கள் வாயில் அதைச் செய்ய வேண்டியிருக்கும். என்னிடம் வரும் முதிய நோயாளிகளில் நான் அதிகம் வருந்துவது, பல் உறுதியாக இருந்தும் அடியில் சீழ் பிடித்து வருபவர்களைப் பார்த்துத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, உங்களுக்கு ஈறு நோய் இருப்பதால் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையே, கிளீனிங்குக்குப் போக வேண்டும். தூக்கத்தில் பல் கடிப்பவர் என்றால் இரவில் பல்லுக்குப் பாதுகாப்பு உறை (நைட் கார்டு) போட வேண்டும். திருகு தளர்வது, பல் விளிம்பு உடைவது எல்லாம் வருடங்கள் போகப் போக நடக்கும். அதை யார் சரிசெய்வார்கள், அதற்குத் தனிச் செலவா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

குறித்த தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஸ்கேன் பிரதி, ஹெச்பிஏ1சி அறிக்கை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் ஈறு மருத்துவரைப் பாருங்கள். கடைசியில் இம்ப்ளாண்ட்தான் என்று முடிவானால், வைத்த அன்றே அதன் கம்பெனி, அளவு, தொகுதி எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து ஒரு திருகை மாற்ற வேண்டிவந்தால், புதிய டாக்டர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.