ஆரன் தீவுக்காரர்களின் கடல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஐரோப்பாவில் கடலடியை வாரி இழுத்துப் போகிற வலையான இழுவை மடிக்கு எதிராகப் போராடும் சூழல் அமைப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கடலை நம்பிப் பிழைக்கிறவன் வயிற்றில் அடித்து நகரத்துக்காரர்கள் நல்ல பேர் வாங்குகிறார்களோ என்று தோன்றியது. அங்கேதான் கடல் பாதுகாப்புப் பகுதிகள் ஏராளமாக இருக்கின்றனவே, இன்னும் என்ன சட்டம் வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதுகாப்புப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இழுவைக் கப்பல்களும் ஓடுகின்றன. வட ஐரோப்பாவின் 727 பகுதிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் சயன்ஸ் இதழில் வந்தது. அவற்றில் 59 சதவீதத்தில் இழுவை மடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் வெளியே இருப்பதைவிட உள்ளே 1.4 மடங்கு தீவிரமாக. இதை 2030க்குள் நிறுத்தச் சொல்லி ஐரோப்பிய ஆணையம் 2023இல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு சரி, கட்டாயம் இல்லை. கட்டாயமாக்குங்கள் என்பதுதான் அமைப்புகளின் கோரிக்கை. எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

அப்புறம், நகரத்துக்காரர்கள் என்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் ஆரன் தீவைப் பாருங்கள். கரையிலிருந்து மூன்று மைலுக்குள் இழுவை மடி கூடாது என்று அங்கே பழைய சட்டம் ஒன்று இருந்தது. 1984இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கடலடி எப்படிச் சீரழிந்தது என்பதை ஹவர்ட் வுட், டான் மக்நீஷ் என்ற இரண்டு உள்ளூர் முக்குளிப்பாளர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஸ்காலப் சிப்பி எடுக்கிற படகுகள் இரும்புப் பல் வைத்த சட்டகங்களைக் கடல் தரையோடு இழுத்துப் போகும். மேர்ல் என்ற இளஞ்சிவப்புக் கடற்பாசிப் படுகைகள் அதில் நொறுங்கின. சிப்பிக் குஞ்சுகள் ஒதுங்கி வளர்கிற இடமே அந்தப் படுகைகள்தான்.

1995இல் தீவு மக்களைச் சேர்த்து கோஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லாம்லாஷ் விரிகுடாவில் மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு துண்டில் யாரும் எதையும் பிடிக்கக்கூடாது என்ற உத்தரவு வர 2008 ஆகிவிட்டது. இத்தனைக்கும் ஒரு துண்டுக் கடல்! இன்று அங்கே ஸ்காலப் பெருத்திருக்கிறது, சிங்கி இறால் கூடியிருக்கிறது. 2016இல் தீவின் தென்கடல் முழுவதும் அந்த இரும்புச் சட்டகங்களுக்குத் தடை வந்தது, இழுவை மடிக்கும் பெரும்பகுதி மூடப்பட்டது. ஆனால் கடலடியில் கூடு வைத்து நண்டும் இறாலும் பிடிக்கிறவர்களும் முங்கிச் சிப்பி எடுக்கிறவர்களும் அந்தத் தென்கடலின் பெரும்பகுதியில் தொழில் செய்யலாம். பழைய மூன்று மைல் எல்லையைத் திரும்பக் கேட்கிறவர்களில் கூடு வைக்கிற மீனவர்களின் சங்கமும் இருக்கிறது. மீனவர் என்று ஒரே தரப்பாக நாம் பேசும்போது இவர்கள்தான் விடுபட்டுப்போகிறார்கள்.

இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவரின் கவலையும் உண்மையானதே. கருவியை மாற்றிக்கொள்ளப் பணமும், வேலை போனவருக்கு இழப்பீடும் தடையோடு சேர்ந்தே வரவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதைக் காரணம் காட்டித் தடையைத் தள்ளிப்போடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். மேர்ல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்.