போர்லி பங்களாவும் ஹாரி பிரைஸும்

கேள்வி: 1936-லயே பேய் வீட்டுல இருந்து பிபிசி ரேடியோல நேரடி ஒலிபரப்பு பண்ணவர், பேய் ஆராய்ச்சி பண்ணின இங்கிலாந்துக்காரர் ஹாரி பிரைஸ். ஆவியோட பேசறேன்னு சொல்ற மீடியம்கள்ல எத்தனையோ போலிகளைப் பிடிச்சவரும் கூட. அவரே இங்கிலாந்துல போர்லிங்கற ஊர்ல இருந்த பங்களாவுல பேய் நடமாட்டம்னு எழுதினா நம்ப வேண்டியதுதானே?

பதில்: வேண்டியதில்லீங்க. போலிகளைப் பிடிச்சது நிஜம், அதுக்கு முழு மார்க் குடுக்கறேன். 1931-ல ஹெலன் டங்கன்னு ஒரு அம்மா, ஆவி இறங்கினா வாயிலருந்து வெள்ளையா ஒண்ணு வரும்னு பேர் வாங்கினவங்க, அவங்களை லண்டன்ல தன் லேபுல உட்கார வச்சு ஃபோட்டோ ஃபோட்டோவா எடுத்துப் பார்த்துட்டு, இது சல்லாத்துணி, முழுங்கி வச்சுத்தான் வெளிய எடுக்கறாங்கன்னு சொன்னவர் பிரைஸ். எக்ஸ்ரே எடுக்கலாம்னதும் அந்தம்மா கத்திக்கிட்டே தெருவுக்கு ஓடினாங்க. அது சோதனை.

போர்லில நடந்தது சோதனையே இல்ல. 1937-ல அந்தப் பழைய பாதிரியார் பங்களாவை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தார், லண்டன் டைம்ஸ் பேப்பர்ல விளம்பரம் போட்டு, ராத்திரி தங்கி கவனிக்க 48 பேரைச் சேர்த்தார், எல்லாம் சரி, ஆனா அவங்க கையில ஒரு நீல அட்டை புக்லெட்டையும் குடுத்தாரே, அதுல எப்படி குறிப்பு எடுக்கணும்ங்கறதோட இங்க என்னென்ன நடக்கலாம், அங்க பேயா வருதுன்னு சொல்ற கன்னியாஸ்திரி உருவம் தோட்டத்துல எந்தப் பாதையில வரும்னு கூட இருந்துச்சு! ராத்திரி, காலி வீடு, கையில இப்படி ஒரு புக்லெட், அப்புறம் எலி ஓடினாலும் காலடிச் சத்தமாத்தானே கேக்கும்? விடை எழுதின பேப்பரைக் குடுத்துட்டு பரீட்சை வச்ச மாதிரி. அந்தக் குறிப்புகளையும் சேர்த்துத்தான் 1940-ல புத்தகம் போட்டார், அதுலதான் போர்லி ஊர் உலகத்துக்கே தெரிஞ்சுது.

இதை விட மோசமான புகாரும் இருக்கு. 1929-ல அவரோட போர்லிக்குப் போன பத்திரிகைக்காரர் சார்லஸ் சட்டன், பேய் வேலைன்னு கல்லு பறந்த ராத்திரி பிரைஸ் கோட் பாக்கெட் நிறைய கல்லு இருந்துச்சுன்னு சொன்னார், ஆனா 1948-ல பிரைஸ் இறந்தப்புறம்தான் எழுதினார், பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்துல வந்த குற்றச்சாட்டு, அதனால நான் அதை வச்சு வாதாட மாட்டேன். எனக்கு அந்த புக்லெட்டே போதும். டங்கன் விஷயத்துல அவர் காட்டின கண்டிப்புல கால்வாசி போர்லில காட்டியிருந்தா நீங்க சொல்றதை நானும் யோசிச்சிருப்பேன்.

ஆர்வம் இருந்தா ஆவி, பேய் மாதிரி விஷயங்களை ஆராயற சைக்கிக்கல் ரிசர்ச் சொசைட்டிக்காரங்க மூணு பேர் பிரைஸைக் குறை சொல்லி 1956-ல போட்ட போர்லி அறிக்கையையும், 1969-ல ராபர்ட் ஹேஸ்டிங்ஸ் பிரைஸுக்காக எழுதின மறுப்பையும் ரெண்டையும் படிங்க, படிச்சுட்டு எழுதுங்க.