வேனுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கும்முன்: 26 லிட்டர் கூலரா, கம்ப்ரசரா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய டிராவலர் வேன் ஒன்றில் படுக்கை வசதி செய்திருக்கிறோம். மே மாதம் மதுரை, இராமநாதபுரம் வழியாக இராமேஸ்வரம் வரை பத்து நாள் பயணம். நான், மனைவி, மகள், மாமியார் என நான்கு பேர். மாமியார் இன்சுலின் போடுகிறார். வேனில் வேலை செய்துகொடுத்த பட்டறைக்காரர் 26 லிட்டர் 'கூலர் கம் வார்மர்' ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும் என்கிறார். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 30,000 ரூபாய்க்கு மேல் போகிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? எதை வாங்கலாம்?"

கம்ப்ரசர் வைத்ததை வாங்குங்கள். 9,500 ரூபாய் பெட்டி உங்கள் பயணத்துக்கு உதவாது. அதன் தரம் குறைவு என்று சொல்ல வரவில்லை. அது ஃப்ரிட்ஜே இல்லை.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சில்லு. மின்சாரம் பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். 1834-ல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்த விஷயம் இது. அவர் பெயரால்தான் கடைகளில் 'பெல்டியர்' என்கிறார்கள். இந்தச் சில்லால் வெளியே இருக்கும் சூட்டிலிருந்து 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்க முடியும். குளிரூட்டிய கடையில் 24 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் 5 டிகிரி காட்டும். அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் விற்கிறார்கள். மே மாத மதுரையில் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 45 டிகிரி சாதாரணம். 45-லிருந்து 20 போனால் 25. பாலும் மாவும் 25 டிகிரியில் என்ன ஆகும் என்பது உங்கள் வீட்டுச் சமையலறைக்கே தெரியும்.

சரி, குளிர்தான் குறைவு, மின்சாரமாவது குறைவாக இழுக்குமா என்றால் அதுவும் இல்லை. பெல்டியர் பெட்டி 50, 60 வாட் இழுக்கும். எட்ட வேண்டிய குளிரை அது எட்டுவதே இல்லை, அதனால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). கம்ப்ரசர் பெட்டியும் ஓடும்போது 45, 50 வாட்தான் இழுக்கும். ஆனால் உள்ளே குளிர்ந்ததும் நின்றுவிடும். கடும் வெயிலில் பாதி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது என்று வைத்தாலும் நாளுக்கு 50, 55 ஆம்பியர்-மணியோடு முடிந்துவிடும். பாதி மின்சாரத்தில் நிஜமான குளிர். விலை வித்தியாசம் இதற்குத்தான்.

இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். 'குளிர் – சூடு' என்று சுவிட்ச் இருந்தால் அது பெரும்பாலும் பெல்டியர்தான். சில்லில் மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் குளிர்ந்த பக்கம் சுடும், அதனால்தான் இந்த வசதியை இலவசமாகத் தர முடிகிறது. 'வார்மர்' என்ற சொல்லைக் கேட்டதுமே உஷாராகிவிடுங்கள். இன்னும் சந்தேகம் என்றால் கடையிலேயே போட்டு, மைனஸ் 10-க்கு வைக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் பெட்டி காலியாக இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, உள்சுவரில் பனி பிடிக்க ஆரம்பிக்கும். நேரமில்லை என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடை வேண்டாம்.

பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகவல் சீட்டையும் பாருங்கள். தட்பவெப்ப வகை என்று ஆங்கில எழுத்தில் ஒரு குறி இருக்கும். 'என்' என்றால் 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 டிகிரி வரை ஒழுங்காக வேலை செய்யும் என்று பொருள். நமக்கு 'டி' வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திர முத்திரை ஒட்டி, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதி விற்கிறார்கள். வண்டியில் வைக்கும் இந்தப் பெட்டிகளில் அப்படி ஒன்றை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எவ்வளவு வெளிச்சூட்டில் எவ்வளவு குளிரும் என்பதை அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட வேண்டும் என்று ஒரே ஒரு விதி இருந்தால் போதும், பாதி ஏமாற்று நின்றுவிடும். அதைச் செய்ய ஆளில்லை. மருந்து வைக்க வேண்டிய குடும்பங்கள் இப்படிப் பணத்தை இழப்பதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த அலட்சியத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது பட்டறைக்காரர் விஷயம். உங்கள் பட்டறைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அவரை எனக்குத் தெரியாது. ஆனால் "நானே வாங்கித் தருகிறேன்" என்ற பேச்சில் கமிஷன் இருக்கும். அது போனால் போகட்டும். அப்புறம் நடப்பதுதான் பெரிய செலவு. பெட்டியை மரச்சட்டத்துக்குள் அழகாக இறுக்கிப் பொருத்திவிடுவார்கள். கம்ப்ரசர் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிற இயந்திரம். அந்தச் சூடு போக வழியில்லாவிட்டால் தன் சூட்டிலேயே தான் வெந்து, நாள் முழுக்க நிற்காமல் ஓடும். காற்றுத் துளை இருக்கும் பக்கத்தில் நான்கு விரல் அகல இடமாவது விடச் சொல்லுங்கள். "குளிரவே இல்லை" என்று என்னிடம் கொண்டுவரும் பெட்டிகளில் பலவற்றில் பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. மூச்சுவிட இடமில்லாமல் அடைத்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் ஒயர் மெல்லிசாக இருக்கும்.

ஒயரைக் கொஞ்சம் விளக்குகிறேன். முன்பக்க பேட்டரியிலிருந்து பின்னால் ஃப்ரிட்ஜ் வரை ஐந்து மீட்டர், போக வர பத்து மீட்டர். வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குப் போடும் 1.5 ஸ்கொயர் (அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர் தடிப்பு) ஒயரைப் போட்டால் 5 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 230 வோல்ட்டில் அரை வோல்ட் ஒன்றுமில்லை, 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. பேட்டரியில் சார்ஜ் இருந்தும் 'வோல்டேஜ் குறைவு' என்று ஃப்ரிட்ஜ் தானே நின்றுவிடும். கடையில் "நாலு ஸ்கொயர் காப்பர்" என்று கேட்டு வாங்குங்கள், ஆறு ஸ்கொயர் என்றால் இன்னும் நல்லது. பேட்டரி அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்ப வேண்டாம். வண்டி குலுங்கும்போது பிளக் தளரும், தளர்ந்த இடம் சூடாகும்.

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜை இணைத்துவிட்டு இரவு தூங்காதீர்கள். காலையில் வண்டி கிளம்பாது. அந்த பேட்டரி சில விநாடிகள் பெரிய உதை கொடுப்பதற்காகச் செய்தது, மெதுவாக வடிப்பதற்கு அல்ல. தனியாக ஒன்று வேண்டும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் வைத்தால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், ஒரு நாள்கூட முழுசாக வராது. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஒன்றரை நாள் தாங்கும். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆக, வண்டியின் மின்சாரத்தை இந்த பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றும் போட வேண்டும். வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியைத் தூக்கிப் படுக்கைக்கு அடியில் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். அது தீப்பிடிக்கும் வாயு, நான்கு பேர் தூங்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. மேற்கூரையில் 200 வாட் சோலார் பலகை போட்டால் மே வெயிலில் ஃப்ரிட்ஜின் ஒரு நாள் தேவை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பேட்டரிக்குப் பதிலாக '60,000 எம்ஏஹெச் பவர் ஸ்டேஷன்' விற்க வருவார்கள். 60,000 என்றால் 60 ஆம்பியர்-மணி, ஒரு நாள் முழுக்க வரும் என்று மனக்கணக்குப் போட வைப்பார்கள். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 60-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 222 வாட்-மணி, உள்ளே இருக்கும் மொத்த மின்சாரம் அவ்வளவுதான். 12 வோல்ட் கணக்கில் பதினெட்டரை ஆம்பியர்-மணிதான். உங்கள் ஃப்ரிட்ஜுக்கு எட்டு மணி நேரம் வந்தால் அதிகம். எதை விற்றாலும் "எத்தனை வாட்-மணி?" என்று மட்டும் கேளுங்கள். வாட்-மணியைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்சுலினுக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கேள்வியில் நடுவில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் கவலை.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள். கம்ப்ரசர் பெட்டியில் அதற்குச் சமமான ஆபத்து உறைவது. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கி எடுத்தாலும் பயன்படுத்தக் கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும் கூடாது. திரையில் 4 டிகிரி என்று காட்டுவது சென்சார் இருக்கும் இடத்தின் அளவு. பெட்டியின் அடியும் உள்சுவரும் அதைவிடக் குளிர்ந்திருக்கும், பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். ஆகவே 5 டிகிரியில் வையுங்கள். மருந்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, துண்டால் சுற்றி, மேல் கூடையில், சுவரில் படாமல் வையுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்னத் தெர்மாமீட்டர் கிடைக்கும், அதையும் அந்த டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். மருந்தை வைக்கும் முன் ஒரு நாள் முழுக்க வீட்டில் ஓடவிட்டு அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பொத்தான்களுக்குப் பூட்டு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், குழந்தை விரல் பட்டு மைனஸ் 18-க்குப் போய்விடக் கூடாது. பாம்பனில் நல்ல மீன் மலிவாகக் கிடைக்கும், உறைய வைத்து ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றும். ஒரே அறை உள்ள பெட்டியில் மீனை உறைய வைப்பதும் இன்சுலினைக் காப்பதும் ஒன்றாக நடக்காது. மீனை அன்றன்றே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

மாமியார் தினமும் போட்டுக்கொள்ளும் பேனா, அதாவது திறந்து பயன்பாட்டில் இருப்பது, ஃப்ரிட்ஜில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பல வகை இன்சுலினைத் திறந்த பிறகு 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம். சில வகைக்கு இந்த அளவு மாறும் என்பதால் மருந்தோடு வரும் தாளைப் பார்த்தோ மருந்துக்கடையில் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், மே மாத வேனுக்குள் 30 டிகிரி கிடைக்காது. வீட்டில் மண்சட்டியில் ஈர மணலுக்கு நடுவே இன்சுலின் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். மதுரையின் வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகி நன்றாகக் குளிரும். இராமேஸ்வரத்தில் கடல் ஈரம் அதிகம், அங்கே அவ்வளவு குளிராது. அதனால் இந்தப் பயணத்தில் பேனாவும் ஃப்ரிட்ஜ் டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும். போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகும்போது டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அளவு: நான்கு பேருக்கு 40 லிட்டர் சரி. பால், தயிர், இரண்டு நாளுக்கான இட்லி மாவு, காய்கறி, மருந்து, இவ்வளவுதான் அதற்குள் போக வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை எடுத்து வையுங்கள். மாவுப் பாத்திரத்தில் கால் பங்கு காலியாக விட்டு இறுக்கமான மூடி போடுங்கள். வெயிலில் நிறுத்திய வேனில் அது பொங்கி வழிந்தால் கழுவி முடிக்க ஒரு நாள் போகும்.

குடிதண்ணீர் பாட்டில்களை அதில் அடுக்க வேண்டாம். 35 டிகிரியில் இருக்கும் பத்து லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் கொண்டுவர அந்தச் சின்ன கம்ப்ரசர் ஐந்தாறு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். தண்ணீருக்குத் தனியாகத் தடித்த சுவர் உள்ள ஐஸ் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மீன்காரர்கள் வைத்திருப்பது போல. 10 கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் சூடு, உங்கள் ஃப்ரிட்ஜ் பதினைந்து மணி நேரம் விடாமல் ஓடி இழுப்பதற்குச் சமம். இராமநாதபுரம் கடற்கரையில் ஐஸ் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அது மீனுக்காகச் செய்த ஐஸ். சாப்பிடத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. நான் துறைமுகங்களில் பார்த்ததெல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். மூடிய பாட்டில்களைச் சுற்றி மட்டும் அதைப் போடுங்கள். எடுத்த பாட்டிலின் வாயை நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிவிட்டு மகளுக்குக் கொடுங்கள்.